குருவி தேய்க்கும் மலையும் நித்தியமும்

நித்தியம் என்பது எவ்வளவு காலம்? இந்தக் கேள்விக்குப் பிரசங்கிகள் வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள். வானத்தைத் தொடும் ஒரு மலை. ஆயிரம் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குருவி பறந்துவந்து அந்த மலையில் அலகைத் தீட்டிவிட்டுப் போகிறது. அப்படியே தீட்டித் தீட்டி, மலை முழுவதும் தேய்ந்து தரைமட்டமாகும்போது நித்தியத்தில் ஒரே ஒரு நொடிதான் கழிந்திருக்கும். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளில் இதன் ஒரு வடிவம் இருக்கிறது. பௌத்த நூல்களிலோ குருவிக்குப் பதிலாக, நூறு ஆண்டுக்கு ஒருமுறை மலையைத் துடைத்துச் செல்லும் மெல்லிய காசித் துணி வருகிறது.

தென்காசி வட்டாரத்துச் சுரண்டைக்காரர்களுக்கு மலை என்பது கதையில் மட்டும் வரும் பொருள் அல்ல. மொட்டைமாடியில் ஏறி மேற்கே பார்த்தால் போதும், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவானத்தை மறித்து நிற்கும். அதன் மடியில் குற்றாலம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் காற்று இங்கே காற்றாலைகளைச் சுழற்றும்; அந்தக் காற்றோடு வரும் சாரல் மலையை நனைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தக் கதையை நாம் மெய்யாகவே எடுத்துக்கொண்டு கேட்கலாம்: இந்த மலையின் வயது என்ன? இது என்ன வேகத்தில் தேய்கிறது? புவியியலிடம் இரண்டுக்கும் விடை உண்டு. அந்த விடை கதையைவிட வியப்பானது. அதே நேரத்தில், நித்தியத்தைப் பற்றி அந்தக் கதை செய்யும் பிழையையும் அது காட்டிக்கொடுக்கிறது.

மலைக்குள் ஒரு கடிகாரம்

குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் காணும் பாறைகள் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் வகையைச் சேர்ந்தவை. கேரளத்தின் அச்சன்கோவிலிலிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாக நிலத்தடியில் ஒரு பெரும் பிளவுப் பட்டை ஓடுகிறது. புவியியலாளர்கள் இதை அச்சன்கோவில் பட்டை என்பார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கண்டங்கள் மோதி ஒட்டிக்கொண்டு கோண்ட்வானா என்ற மாபெரும் நிலப்பரப்பு உருவானது. அப்போது மடகாஸ்கரும் இலங்கையும் அண்டார்டிகாவும் நமக்கு அண்டை நிலங்கள். அந்த மோதலின் தழும்புகளில் ஒன்றுதான் அச்சன்கோவில் பட்டை. இதன் தொடர்ச்சியை இன்று மடகாஸ்கரில் தேடுகிறார்கள்.

இந்த வயதை எப்படி அறிந்தார்கள்? பாறைக்குள் சிர்க்கான் என்ற கனிமத்தின் நுண்ணிய பரல்கள் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அதே சிர்க்கான். இது படிகமாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. உள்ளே போன யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாக மாறும். யுரேனியம் 238இல் பாதி ஈயமாவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். இந்த வேகத்தை வெயிலோ மழையோ அழுத்தமோ மாற்றுவதில்லை. ஆகவே இன்று பரலுக்குள் எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் என்று அளந்தால், அது படிகமாகி எத்தனை காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

இந்தப் பாறைகள் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. இவற்றில் இருக்கும் கனிமங்கள் தரைமட்டத்தில் உருவாக முடியாதவை. பூமிக்குள் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தமும் கடும் வெப்பமும் தேவை. ஆழத்தில் பிறந்த பாறை இன்று அருவிக்கரையில் நம் கைக்கு எட்டுகிறது என்றால், அதன் மேல் இருந்த இருபது கிலோமீட்டர் பாறை எங்கே? மழையிலும் காற்றிலும் அரித்துப் போயிற்று. அடிநிலம் மெல்ல மேலெழுந்தது. 55 கோடி ஆண்டுகளுக்குச் சராசரி பார்த்தால் ஆண்டுக்கு 0.04 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் விலகிச் சென்ற பிறகே இந்த மலைத்தொடருக்கு இன்றைய உருவம் வரத் தொடங்கியது.

அதாவது கதையில் குருவிக்குக் கொடுத்த வேலையை மழை ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறது. ஒன்றல்ல, இமயத்தை இரண்டு முறை அடுக்கினாலும் எட்டாத உயரம் கரைந்து கடலுக்குப் போயிருக்கிறது. அப்படியும் நித்தியத்தில் ஒரு நொடியாவது நாம் நெருங்கினோமா?

கல்லறையில் ஒரு கல்

சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கொல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்புக்கு அடிகோலிய ஜாப் சார்னோக், அங்குள்ள தூய யோவான் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக்கு வைத்த கருங்கல் நம்முடைய பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறை வகை. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பாறை வகையை ஆராய்ந்தபோது, கல்லறைக்காரரின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். உலகப் புவியியல் பாடநூல்கள் எல்லாவற்றிலும் இன்று அந்தப் பெயர்தான்.

அந்தக் கல்லில் லத்தீன் மொழியில் பொறித்திருப்பதன் சாரம் இது: நீதிபதியாகிய கிறிஸ்து வரும்வரை, உயிர்த்தெழுதலின் நம்பிக்கையோடு சார்னோக் தம் உடலை இங்கே வைத்துவிட்டு, அந்நிய மண்ணில் நெடுநாள் அலைந்தபின் தம் நித்திய வீட்டுக்குத் திரும்பினார். தேதி 1692 ஜனவரி 10. அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. நம் கணக்கில் அது 1693.

சென்னைப் பகுதியின் சார்னோக்கைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமியில் மீன் இல்லை, மரம் இல்லை, புல்கூட இல்லை. நுண்ணுயிர்கள் மட்டும் வாழ்ந்த காலத்துக் கல். அதன் மேல் ஒரு மனிதனின் அறுபது சொச்ச ஆண்டு வாழ்க்கையும் அவனுடைய நித்தியமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. செதுக்கிய சிற்பிக்கு அந்தக் கல்லின் வயது தெரியாது. தெரிந்திருந்தால் எழுத்தை மாற்றியிருப்பாரா? மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் என் எண்ணம். அதற்குக் காரணம் சொல்லவே இந்தக் கட்டுரை.

நீளம் அல்ல நித்தியம்

1650இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வேதாகம வம்ச வரலாறுகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004 அக்டோபரில் படைக்கப்பட்டது என்று கணித்தார். 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டு அச்சாயிற்று. ஓரக் குறிப்பு நாளடைவில் வேத வசனத்தைப் போலவே மதிக்கப்பட்டது. பிறகு புவியியல் வளர்ந்து, ஆயிரங்கள் கோடிகளாக மாறியபோது பலருடைய விசுவாசம் ஆட்டம் கண்டது. தென்காசி வட்டாரப் பள்ளியில் வெள்ளிக்கிழமை 55 கோடி ஆண்டு என்று படிக்கும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் ஆறாயிரம் ஆண்டு என்று கேட்டுக் குழம்புவதும் இதனால்தான். அந்தப் பிள்ளையின் குழப்பம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் அது தேவையற்ற குழப்பம்.

இன்னும் சிலர் ஒரு சமரசம் சொல்வார்கள்: கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம், ஆகவே ஆறு நாளை ஆயிரத்தால் பெருக்கு என்று. ஆனால் பேதுருவின் இரண்டாம் நிருபம் இதை இரு திசையிலும் சொல்கிறது. ஒருநாள் ஆயிரம் வருஷம்போல. ஆயிரம் வருஷம் ஒருநாள்போல. இரு பக்கமும் திரும்பும் ஒன்று வாய்ப்பாடாக முடியாது. அடக்க ஆராதனைகளில் நாம் வாசிக்கும் தொண்ணூறாம் சங்கீதமும் ஆயிரம் வருஷத்தை இரவின் ஒரு சாமத்துக்கு ஒப்பிடுகிறது. கடவுளுக்கு நம் ஆண்டுகள் அதிகம் என்பதல்ல அதன் பொருள். நாம் காலத்தை அளக்கும் கோல் அவரை அளப்பதற்கு உரியதே அல்ல என்பதுதான்.

இதைத் தெளிவாகச் சிந்தித்தவர் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகஸ்டின். கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய தம் வாழ்க்கை அறிக்கையின் பதினோராம் பகுதியில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார்: வானத்தையும் பூமியையும் படைக்கும் முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்? அவருடைய பதில் அன்றைக்கும் இன்றைக்கும் திகைக்க வைப்பது. படைப்புக்கு ‘முன்’ என்று ஒரு காலம் கிடையாது; காலமும் படைக்கப்பட்ட ஒன்றே.

அவருக்கு நூறாண்டுக்குப் பின், ரோமானிய அரசியல் அறிஞர் போத்தியஸ், அரசன் தியடோரிக்கின் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்தார். சுமார் 524இல் கொல்லப்படுமுன் அவர் எழுதிய நூலில் நித்தியத்துக்கு ஒரு வரையறை தந்தார். முடிவில்லாமல் நீளும் காலம் நித்தியம் அல்ல. எல்லையற்ற வாழ்வை முழுவதுமாக, ஒருசேர, குறைவின்றிக் கொண்டிருப்பதே நித்தியம். நமக்கு நேற்று கைவிட்டுப் போயிற்று, நாளை கைக்கு வரவில்லை. வாழ்வைத் துளித்துளியாகத்தான் பெறுகிறோம். கடவுளுக்கு அப்படி எதுவும் நழுவுவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை விளக்கும்போது, சாலையில் நடப்பவனுக்குத் தனக்குப் பின்னே வருகிறவர்கள் தெரிவதில்லை, உயரத்தில் நின்று பார்ப்பவனுக்கு வழிப்போக்கர் அனைவரும் ஒரே பார்வையில் தெரிவார்கள் என்றார்.

இப்போது குருவிக் கதையின் பிழை புரியும். மலை தேய்ந்ததும் ஒரு நொடி கழிந்தது என்று சொல்லும்போதே, நித்தியத்துக்கும் நொடிகள் உண்டு என்று கதை ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆண்டுகளை எவ்வளவு அடுக்கினாலும் ஆண்டுகள்தான் மிஞ்சும். 6,000 ஆனாலும் 250 கோடி ஆனாலும் நித்தியத்திலிருந்து ஒரே தூரம்தான். மலையின் வயது கூடக்கூடக் கடவுள் தூரமாகப் போய்விடுவதில்லை.

ஒரே கடிகாரம் இல்லை

அறிவியலும் காலத்தைப் பற்றிய தன் எண்ணத்தை ஒருமுறை அடியோடு மாற்றிக்கொண்டது. 1687இல் நியூட்டன், பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான ஒரே காலம் சீராக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டார். நம் அன்றாட எண்ணமும் இதுதான்.

நாம் கைக்கடிகாரத்தில் பார்ப்பது ஊர்கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு என்பது நமக்குத் தெரியும். 1904இல் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது, ரயில்வே பின்பற்றியது மெட்ராஸ் நேரத்தை. 1906 ஜனவரி 1 முதல்தான் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. சுரண்டை அந்த ரேகைக்கு மேற்கே ஐந்து பாகை தள்ளி இருப்பதால், கடிகாரம் பன்னிரண்டு அடித்துச் சராசரியாக 20 நிமிடம் கழித்தே இங்கே சூரியன் உச்சிக்கு வருகிறது. இது வெறும் ஏற்பாட்டு வேறுபாடு. ஐன்ஸ்டைன் 1905இலும் 1915இலும் கண்டது இதைவிட ஆழமானது: காலம் ஓடும் வேகமே இடத்துக்கு இடம், இயக்கத்துக்கு இயக்கம் மாறும்.

இதற்குச் சாட்சி நம் உள்ளங்கையிலேயே இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றோடு மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. மியூவானின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் சுமார் 660 மீட்டர்தான் கடக்க முடியும். அந்தக் கணக்குப்படி நூறு கோடியில் ஒன்றுகூடத் தரையைத் தொடக்கூடாது. ஆனால் இந்தக் கணத்திலும் நம் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடந்து போகிறது. அவ்வளவு வேகத்தில் ஓடும் மியூவானுக்கு நம் பார்வையில் காலம் மெதுவாக நகர்வதால் அது பிழைத்து வந்து சேருகிறது. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இந்த மியூவான்களை இரவு பகலாக அளந்துகொண்டிருக்கிறது.

ஊட்டிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் காலம் சற்று வேகமாக ஓடும். கடல்மட்டத்தில் ஒரு அணுக்கடிகாரமும் 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் ஒன்றும் வைத்தால், ஓராண்டில் ஊட்டிக் கடிகாரம் நொடியின் பத்து லட்சத்தில் ஏழெட்டுப் பங்கு முந்திவிடும். வழிகாட்டிச் செயற்கைக்கோள்களில் இந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் நம் செல்போன் வரைபடம் ஒரே நாளில் ஊரை மாற்றிக் காட்டும்.

ஆகவே பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான ‘இப்போது’ என்று ஒன்று இல்லை. 1908இல் கணித அறிஞர் மின்கோவ்ஸ்கி, இடத்தையும் காலத்தையும் பிரிக்க முடியாத ஒரே வெளியாகக் காட்டினார். 1955 மார்ச்சில் ஆருயிர் நண்பர் மிக்கேல் பெஸ்ஸோ இறந்தபோது, அவர் குடும்பத்துக்கு எழுதிய ஆறுதல் கடிதத்தில் ஐன்ஸ்டைன், இயற்பியலை நம்புகிறவர்களுக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவு விடாப்பிடியான ஒரு மாயை மட்டுமே என்றார். அடுத்த மாதமே அவரும் காலமானார்.

ஒரு பாதிரியாரின் எச்சரிக்கை

இதைக் கேட்டதும் கிறிஸ்தவ மனம் துள்ளும். எல்லாக் காலமும் ஒருசேர இருக்கிறதென்றால் போத்தியஸ் சொன்னதை ஐன்ஸ்டைன் நிரூபித்துவிட்டாரே! ஒளிக்குச் சொந்த நேரம் பூஜ்யம், கடவுள் ஒளியாயிருக்கிறார் என்கிறது யோவானின் நிருபம், முடிச்சுப் போட்டுவிடலாமே! இந்த ஆசையை நாம் அடக்கத்தான் வேண்டும். அடக்கச் சொன்னவரும் ஒரு பாதிரியார்தான்.

பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமெய்த்ர் 1923இல் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கர். 1927இல் பிரபஞ்சம் விரிகிறது என்று கணித்துச் சொன்னார். 1931இல், அந்த விரிவைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஓர் ஆதி அணுவில் தொடங்கியிருக்கும் என்றார். இன்று பெருவெடிப்பு என்று நாம் அறிவதன் வித்து அது. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் படைப்பின் தொடக்கத்துக்கே சாட்சி சொல்கிறது என்ற பொருள்பட உரையாற்றினார். லெமெய்த்ருக்கு அது உவப்பாக இல்லை. தம் கோட்பாடு கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அறிவியல் கருத்து நாளை மாறலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டினால் அதுவும் சேர்ந்து விழும். 1966இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னர், பெருவெடிப்பின் எஞ்சிய வெப்பக்கதிர் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அவருக்கு எட்டியது.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று சொல்கிறோம். 1955இல் கொல்கத்தாவின் இயற்பியலாளர் அமல் குமார் ராய்சௌதுரி கண்ட சமன்பாடு, ஈர்ப்பு பொருளை எப்படி ஒரு புள்ளியை நோக்கிக் குவிக்கிறது என்று காட்டியது. பிறகு இயற்பியலாளர்கள் பென்ரோஸும் ஹாக்கிங்கும் அதைக் கொண்டு தொடக்கத்தைத் தேடினார்கள். தொடக்கப் புள்ளியில் கணிதம் நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் என்ன என்பது இன்றும் திறந்த கேள்வி. அகஸ்டினின் பதில் அந்தக் கேள்வி எப்படி முடிந்தாலும் நிற்கும். ஏனென்றால் அவர் பேசியது முதல் நொடியைப் பற்றி அல்ல. எல்லா நொடியும் யாரால் இருக்கின்றன என்பதைப் பற்றி.

எதிர்காலத்தையும் பாருங்கள். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டில் சூரியனின் எரிபொருள் தீரும். ஏறத்தாழ நூறு லட்சம் கோடி ஆண்டில் கடைசி விண்மீன்களும் அணையும். பிறகும் காலம் ஓடும். ஆனால் எங்கும் குளிரும் இருளும்தான். முடிவில்லாக் காலம் என்று இயற்பியல் காட்டுவது இதுவே. கல்லறைத் தோட்டத்தில் நின்று நித்தியஜீவனை அறிக்கையிடுகிறவர் இதையா கேட்கிறார்? இல்லை. அவர் கேட்பது நீண்ட காலத்தை அல்ல, குறையாத வாழ்வை. யோவான் நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் இயேசு நித்தியஜீவனுக்குக் கால அளவு எதையும் சொல்லவில்லை. தேவனை அறிவதே அது என்கிறார். அப்படியானால் அது செத்தபின் தொடங்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இன்று என்னும் நாள்

ஐன்ஸ்டைன் தத்துவ அறிஞர் ருடால்ஃப் கார்னப்பிடம் ஒருமுறை தம் மனக்குறையைச் சொன்னார். ‘இப்போது’ என்பது மனிதனுக்கு எவ்வளவோ முக்கியமானது. அதை இயற்பியலுக்குள் கொண்டுவர முடியவில்லையே என்று. சமன்பாடுகளில் எல்லாக் கணமும் சமம். நீங்கள் இதை வாசிக்கும் கணத்துக்கு அங்கே தனி இடம் இல்லை.

கிறிஸ்தவம் இந்த இடத்தில்தான் தன் குரலில் பேசுகிறது. நித்தியரான கடவுள் காலத்தை மேலிருந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, அதற்குள் வந்தார் என்கிறது. அதனால்தான் விசுவாசப்பிரமாணத்தில் வானத்தையும் பூமியையும் படைத்தவரைச் சொன்ன அதே மூச்சில், கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ஒரு ரோமானிய அதிகாரியின் பெயரும் வருகிறது. 1961இல் செசரியாவில் தோண்டியெடுத்த சுண்ணக்கல்லில் பொந்தியு பிலாத்துவின் பெயர் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி.எம்.எஸ். மிஷனின் ஊழியத் தலமாக இருந்த சுரண்டையில் ஞாயிறுதோறும் அந்தப் பெயரைச் சபையார் சொல்கிறார்கள். நித்தியத்தைப் பற்றிய நம்பிக்கை ஒரு தேதியோடு கட்டப்பட்டிருக்கிறது. தேதிகளை வெறுக்கும் நம்பிக்கை அல்ல அது. பாறையின் தேதிகளையும் அது வெறுக்கத் தேவையில்லை.

நம் ஓய்வுநாள் பள்ளிகளில் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அச்சன்கோவில் பட்டையின் 55 கோடி ஆண்டுகளையும் சொல்லட்டும், தொண்ணூறாம் சங்கீதத்தையும் சொல்லட்டும். முதலாவது நம்மைத் தாழ்மையாக்கும். இரண்டாவது, அவ்வளவு பெரிய காலத்தில் நம்முடைய எழுபது எண்பது வருஷம் தொலைந்துபோகவில்லை என்று தேற்றும்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தில் நித்தியம், இன்று இரண்டும் இருக்கின்றன. அது என்றென்றைக்கும் உரிய மகிமையில் போய் முடிகிறது. ஆனால் நடுவே கேட்கும் ஆகாரம் ஒரு வருஷத்துக்கானது அல்ல, ஒரு வாரத்துக்கானதும் அல்ல. இன்றைய ஒரு நாளுக்கானது.